விமானி மயங்கிவிட்டால்? சிறிய விமானப் பயணிகளுக்குச் சொல்லித்தரப்படாத பாடம்

புது தில்லி: 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 30. கான்பூரில் நடைபெறவிருந்த கட்சிக் கூட்டத்தில் பங்கேற்பதற்காக தில்லியிலிருந்து சிறிய விமானம் ஒன்றில் புறப்பட்டார் காங்கிரஸ் மூத்த தலைவர் மாதவராவ் சிந்தியா. உத்தரப் பிரதேச மாநிலம் மெயின்புரி அருகே, மோசமான வானிலைக்கு நடுவே அந்த விமானம் விழுந்து நொறுங்கியது. சிந்தியா, அவரது செயலாளர், உடன் சென்ற பத்திரிகை, தொலைக்காட்சித் துறையினர் நால்வர், விமானிகள் இருவர் என எட்டுப் பேரும் உயிரிழந்தனர். நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் சிந்தியா.

அவருக்கு முன்னும் பின்னும் பலர். பஞ்சாப் ஆளுநர் சுரேந்திர நாத் 1994-இல் குடும்பத்தினருடன் ஹிமாசல மலையில் பலியானார். மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகி 2002 மார்ச்சில் ஆந்திர மாநிலம் கைகலூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். ஹரியாணா அமைச்சர்கள் ஓ.பி. ஜிண்டால், சுரேந்தர் சிங் இருவரும் 2005 மார்ச்சில் ஒரே ஹெலிகாப்டரில் உயிரிழந்தனர். 2009-இல் ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, 2011-இல் அருணாசலப் பிரதேச முதல்வர் தோர்ஜி காண்டு. உலகின் வேறெந்த ஜனநாயக நாடாவது இத்தனை தலைவர்களைச் சிறிய விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் பறிகொடுத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணை நடைபெறுகிறது. இயந்திரம் பழுதா, விமானியின் தவறா, வானிலையா என்னும் மூன்று கேள்விகள் எழுப்பப்படுகின்றன. கேட்கப்படாத நான்காவது கேள்வி ஒன்று உண்டு. விமானத்தில் இருந்த பயணிகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே அது. பெரிய பயணிகள் விமானத்தில் இந்தக் கேள்விக்கு அதிக முக்கியத்துவம் இல்லை. விமானி அறை பூட்டப்பட்டிருக்கும். கதவைத் திறப்பதற்கும் பயணிகளை வெளியேற்றுவதற்கும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் இருப்பார்கள். ஆறேழு பேர் பயணம் செய்யும் சிறிய விமானத்தில் அப்படியல்ல. விமானிக்கும் பயணிக்கும் இடையே கதவு இருப்பதில்லை. விமானப் பணிப்பெண்ணும் பெரும்பாலும் இருப்பதில்லை. விமானிக்கு ஏதாவது நேர்ந்தால், அடுத்து அங்கே இருப்பவர் பயணி மட்டுமே.

ஃபுளோரிடாவில் ஒரு பகல்: அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி நடந்த நிகழ்ச்சி இதை உலகுக்கு உணர்த்தியது. பஹாமாஸ் தீவுகளிலிருந்து ஃபுளோரிடா மாநிலத்துக்கு, ஒரே என்ஜின் கொண்ட செஸ்னா கேரவன் விமானத்தில் இரு பயணிகள் வந்துகொண்டிருந்தனர். கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது உடல்நிலை சரியில்லை என்று சொன்ன விமானி, சற்று நேரத்தில் சாய்ந்துவிட்டார். விமானம் மூக்கைக் கீழே சாய்த்து வேகமாக இறங்கத் தொடங்கியது. பயணிகளில் ஒருவர் முன்னே பாய்ந்து, மயங்கிக் கிடந்தவரின் மேலாகக் கையை நீட்டிக் கட்டுப்பாட்டுக் கைப்பிடியைப் பிடித்து, விமானத்தை மெல்ல நிமிர்த்தினார். பிறகு விமானியை இருக்கையிலிருந்து அகற்றிவிட்டு அங்கே அமர்ந்தார். அதற்கு முன் அவர் ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை.

காதணிக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, தமக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்று வானொலியில் அவர் சொன்னபோது கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அவரிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, எங்கே இருக்கிறீர்கள் என்பது. அதற்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. எதிரே ஃபுளோரிடா கடற்கரை தெரிகிறது என்று மட்டுமே சொல்ல முடிந்தது. இறக்கைகளைச் சமமாக வைத்துக்கொண்டு கடற்கரையை ஒட்டியே பறந்து வாருங்கள், அதற்குள் ரேடாரில் உங்களைக் கண்டுபிடித்துவிடுகிறோம் என்றனர். பாம் பீச் விமான நிலையக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் விமான ஓட்டுதல் பயிற்றுநரும்கூட. ஓய்வு நேரத்தில் இருந்த அவரை அவசரமாக அழைத்தனர். அந்த ரக விமானத்தை அவரும் ஓட்டியதில்லை. அதன் விமானி அறைப் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, எந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பயணிக்குச் சொல்லிக்கொடுத்தார். அகன்ற, நீண்ட ஓடுபாதை என்பதால் பாம் பீச் சர்வதேச விமான நிலையத்தையே தேர்ந்தெடுத்தார். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்திருந்த விமானியும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்தார்.

இது தனித்த அதிசயம் அல்ல. அதே ஃபுளோரிடாவில் 2009 ஏப்ரலில், இரட்டை என்ஜின் கிங் ஏர் விமானத்தின் விமானி நடுவானில் இறந்துபோக, மனைவியுடனும் இரு மகள்களுடனும் பயணம் செய்த ஒருவர் அதைத் தரையிறக்கினார். அவர் சிறிய செஸ்னா விமானம் ஓட்டுவதற்கு உரிமம் பெற்றவர்; ஆனால் கிங் ஏர் அவருக்குப் புதிது. 2013 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹம்பர்சைடில் 77 வயது முதியவர் ஒருவர், விமானியான நண்பர் நினைவிழந்ததும், இருட்டத் தொடங்கிய நேரத்தில் ஓடுபாதையைப் பல முறை சுற்றிவந்து இறங்கினார். 2024 அக்டோபரில் கலிபோர்னியாவில், விமானியான கணவர் மாரடைப்பால் சரிந்துவிட, மனைவி பேக்கர்ஸ்ஃபீல்டின் நீண்ட ஓடுபாதையில் விமானத்தை இறக்கினார். எல்லாமே இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. 2023 ஜூலையில் மார்தாஸ் வின்யார்ட் தீவில் 68 வயதுப் பெண் பயணி ஒருவர் இறக்கிய விமானம் ஓடுபாதைக்கு வெளியே தரையில் மோதி, ஓர் இறக்கை முறிந்தது. அவர் பிழைத்தார், முன்னதாகவே நினைவிழந்திருந்த 79 வயது விமானி பின்னர் மருத்துவமனையில் இறந்தார்.

மனைவியருக்கான பாடம்: தனியார் விமானங்கள் பெருமளவில் உள்ள அமெரிக்காவில், விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கம் 1960-களிலேயே இதற்கென ஒரு பயிற்சியைத் தொடங்கிவிட்டது. பெயர், 'பிஞ்ச் ஹிட்டர்'. நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தச் சொல், விறுவிறுவென ரன் குவிப்பதற்காக முன்கூட்டியே களமிறக்கப்படும் ஆட்டக்காரரை நினைவூட்டும். பேஸ்பால் ஆட்டத்திலோ அதற்கு, ஒருவருக்குப் பதிலாக மட்டையைப் பிடிக்க வருபவர் என்று பொருள். விமானிக்குப் பதிலாகக் கைப்பிடியைப் பிடிக்க வருபவர் என்னும் பொருளில் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. கணவர் விமானம் ஓட்ட, பக்கத்து இருக்கையில் மனைவி அமர்ந்து செல்லும் குடும்பங்களை மனத்தில் வைத்தே பாடம் அமைக்கப்பட்டது. 1929-இல் தோன்றிய 'நைன்டி நைன்ஸ்' என்னும் பெண் விமானிகள் அமைப்பும் உடன் பயணிப்போருக்கான வகுப்புகளை நடத்திவருகிறது.

இந்தப் பயிற்சியின் நோக்கம் யாரையும் விமானி ஆக்குவதல்ல. சில மணி நேரத்தில் அது முடியவும் முடியாது. முதல் ஐந்து நிமிடங்களில் விமானம் விழாமல் பார்த்துக்கொள்வது, உதவி கேட்பது, உதவி சொல்பவர் பேசுவதைப் புரிந்துகொள்வது ஆகிய மூன்றும்தான் அதன் உயிர்நாடி.

முதலில் சொல்லித்தருவது, எதையும் அவசரப்பட்டுத் தொடாதே என்பது. சரியாகச் சமன் செய்யப்பட்ட விமானம், யாரும் கைவைக்காவிட்டால் தன் போக்கில் நேராகவே பறந்துகொண்டிருக்கும். பதற்றத்தில் கைப்பிடியை இழுப்பதுதான் ஆபத்து. சரிந்துவிட்ட விமானியின் உடல் கைப்பிடியின் மேலோ மிதிகளின் மேலோ அழுந்தாதபடி பின்னுக்குத் தள்ளி, தோள்பட்டை வாரை இறுக்கிப் பூட்டிவிட வேண்டும். ஆட்டோ பைலட் கருவி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்; இயங்கினால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும்; இயங்காவிட்டால் அதை இயக்கும் பொத்தான் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வானொலி. பேசுவதற்கு ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும்; கேட்பதற்கு அதை விட்டுவிட வேண்டும். தொலைபேசிப் பழக்கத்தில் பலர் அழுத்திய விரலை எடுப்பதே இல்லை. அப்போது எதிர்முனையின் குரல் இவர்களுக்குக் கேட்காது. விமானி கடைசியாகப் பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே பேசுவது நல்லது. அதில் யாரும் பதில் தராவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் அவசர அலைவரிசை இருக்கிறது. டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்ற எண்ணை இட்டால், ரேடார் திரையில் அந்த விமானம் ஆபத்தில் இருப்பது தனித்துத் தெரியும். இரண்டு எண்கள்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட மனப்பாடம் செய்துவிடும். ஆனால் சிறிய விமானத்தில் ஏறும் நூறு பேரில் எத்தனை பேருக்கு இவை தெரியும்?

அதற்குப் பின்தான் பறத்தல். உயரமானி, வேகமானி, செயற்கை அடிவானம் ஆகிய மூன்றை மட்டும் படிக்கக் கற்றுத்தருகிறார்கள். என்ஜின் விசையைக் கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும் என்பதை உண்மையான விமானத்தில் பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து செய்துகாட்டுகிறார். எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திருகும் இதில் அடக்கம். சில ரக விமானங்களில், அதைத் திருப்பத் தெரியாததால் மட்டுமே நல்ல என்ஜின் நின்றுபோகக்கூடும். கடைசியில்தான் தரையிறக்கம். அழகாக இறங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வேகத்தைக் குறைத்து, இறக்கைகளைச் சமமாக வைத்து, நீண்ட ஓடுபாதையின் மேல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். விமானம் உடையலாம், உள்ளே இருப்பவர்கள் பிழைத்தால் சரி.

கருமேகம் என்னும் எல்லை: எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு, இந்தப் பயிற்சியை நடத்துபவர்களே அதை மறைப்பதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல் ஓர் ஆய்வு நடைபெற்றது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 விமானிகள், வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவைக்கப்பட்டனர். அவர்கள் அனைவருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. விமானம் ஓட்டத் தெரிந்தவர்களின் நிலையே இது என்றால், தெரியாத பயணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரிடாவில் கடற்கரை கண்ணுக்குத் தெரிந்தது. மெயின்புரி வானில் மேகத்துக்குள் சிக்கிய விமானத்தில் எந்தப் பயணிக்கு எந்தப் பயிற்சி இருந்தும் பயன்பட்டிருக்காது.

இந்த எல்லையைத் தொழில்நுட்பம் ஓரளவு தாண்டியிருக்கிறது. சிர்ரஸ் நிறுவனத்தின் சிறிய விமானங்களில் முழு விமானத்தையுமே தாங்கி இறக்கும் பாராசூட் பொருத்தப்பட்டுள்ளது. கூரையில் உள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் அது விரியும். அதை இழுப்பது எப்படி என்று பயணிக்குப் புறப்படும் முன்பே சொல்ல வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. கார்மின் நிறுவனம் உருவாக்கிய தானியங்கித் தரையிறக்கக் கருவிக்கு 2020-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பக்கத்தில் உள்ள பொருத்தமான விமான நிலையத்தைக் கருவியே தேர்ந்தெடுத்து, வானொலியில் தானே அறிவித்து, தானே இறக்கி, என்ஜினையும் நிறுத்திவிடும். ஆனாலும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

இரண்டு விமானிகள் இருந்தால் போதுமா?: இந்தியாவில் இந்தப் பேச்சே எழாததற்கு ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. தலைவர்கள் வாடகைக்கு எடுக்கும் ஜெட் விமானங்களிலும் பெரிய ஹெலிகாப்டர்களிலும் இரண்டு விமானிகள் இருக்கிறார்கள். ஒருவர் மயங்கினால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்பதே அது. பெரும்பாலும் இது சரியான வாதம்தான். ஆனால் முழுமையானதல்ல. 1999 அக்டோபரில் அமெரிக்க கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் பயணம் செய்த லியர்ஜெட் விமானத்தில் விமானிகள் இருவர் இருந்தனர். காற்றழுத்தம் குறைந்து உள்ளே இருந்த அனைவரும் நினைவிழக்க, விமானம் யாரும் ஓட்டாமலேயே பல மணி நேரம் பறந்து, எரிபொருள் தீர்ந்து தெற்கு டகோடாவில் விழுந்தது. 35,000 அடி உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் ஒருவர் தெளிவாகச் செயல்படக்கூடிய நேரம் ஒரு நிமிடத்துக்குள்தான். முகமூடி எங்கே இருக்கிறது என்று அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

ராஜசேகர ரெட்டி சென்ற பெல் 430 ஹெலிகாப்டரிலும் இரண்டு விமானிகள் இருந்தனர். இடிமேகங்கள் சூழ்ந்த பாதையில், எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்ததற்கு என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டைப் புரட்டுவதில் அவர்கள் ஆறு நிமிடத்துக்கும் மேல் மூழ்கியிருந்ததை விசாரணைக் குழு பின்னர் சுட்டிக்காட்டியது.

மேலும், இந்திய வானத்தில் பறப்பவை இரண்டு விமானிகள் உள்ள விமானங்கள் மட்டுமல்ல. பாலயோகி சென்ற ஹெலிகாப்டரில் ஒரே விமானிதான். உத்தரகண்ட் மாநிலத்தில் கேதார்நாத்துக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்லும் ஒற்றை என்ஜின் ஹெலிகாப்டர்களிலும் ஒருவரே விமானி. கடல் மட்டத்திலிருந்து 11,700 அடிக்கு மேல் உள்ள அந்தப் பள்ளத்தாக்கில், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மேகமூட்டத்தில், பருவம் முழுவதும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. 2022 அக்டோபர் 18-ஆம் தேதி அங்கே விழுந்து நொறுங்கிய ஹெலிகாப்டரில் விமானியுடன் ஆறு பக்தர்கள் இறந்தனர். அவர்களில் மூவர் சென்னையைச் சேர்ந்தவர்கள். 2025-ஆம் ஆண்டு யாத்திரை தொடங்கிய ஏழு வாரங்களுக்குள் ஐந்து ஹெலிகாப்டர் சம்பவங்கள் நிகழ்ந்தன. மே 8-ஆம் தேதி கங்நானி அருகே ஆறு பேரும், ஜூன் 15-ஆம் தேதி கௌரிகுண்ட் அருகே குழந்தை உள்பட ஏழு பேரும் உயிரிழந்தனர். அதன் பிறகு இரண்டு நாள் சேவை நிறுத்தப்பட்டது. நடைமுறை விதிகளை வகுக்க மாநில அரசு உத்தரவிட்டது.

ஹெலிகாப்டரைப் பொருத்தவரை, பயணி அதை இறக்கிவிட முடியும் என்று நம்புவது வீண். விமானத்தைப் போல அது தன்போக்கில் நேராகப் பறக்காது. ஒவ்வொரு கணமும் இரு கைகளும் இரு கால்களும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே இங்கே பயணிக்கான பாடம் வேறு. அது தரையிலேயே தொடங்குகிறது.

அந்தப் பாடத்தின் முதல் வரியே எவ்வளவு முக்கியம் என்பதை 2023 ஏப்ரல் 23-ஆம் தேதி கேதார்நாத்தில் நடந்தது காட்டியது. கோயில் நடை திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஏற்பாடுகளைப் பார்வையிட வந்த அரசு அதிகாரி ஒருவர், ஹெலிகாப்டரின் வால் விசிறியில் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்தார். சுழலும்போது அந்த விசிறி கண்ணுக்குத் தெரியாது. ஹெலிகாப்டரை எப்போதும் முன்புறமிருந்து, விமானியின் கண்ணில் படும்படியே நெருங்க வேண்டும் என்பது பாலபாடம். இறந்தவர் வழிதவறி வந்த யாத்ரீகர் அல்லர். அம்மாநிலத்தின் சிவில் விமானப் போக்குவரத்து மேம்பாட்டு ஆணையத்தின் நிதிக் கட்டுப்பாட்டாளர். ஹெலிகாப்டர் சேவைகளைக் கவனிக்கும் அமைப்பின் அதிகாரிக்கே இந்த நிலை.

பிழைத்தவர்களும் உண்டு: ஹெலிகாப்டர் விழுந்தால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை அதுவல்ல. 2012 மே மாதம் ராஞ்சியில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து அப்போதைய ஜார்க்கண்ட் முதல்வர் அர்ஜுன் முண்டா காயங்களுடன் உயிர்தப்பினார். 2017 மே மாதம் லாத்தூர் மாவட்டம் நிலங்காவில் புறப்பட்ட சில விநாடிகளில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னவீஸும் உடன் சென்றவர்களும் தப்பினர். 2021 ஏப்ரலில் கொச்சி அருகே தொழிலதிபர் யூசுஃப் அலியின் ஹெலிகாப்டர் சதுப்பு நிலத்தில் இறங்கியபோது ஒருவரும் இறக்கவில்லை. 2025 ஜூன் 7-ஆம் தேதி குப்தகாசி அருகே பழுதடைந்த ஹெலிகாப்டர் நெடுஞ்சாலையில் இறக்கப்பட்டது. பயணிகள் ஐவரும் பிழைத்தனர்.

இப்படிப்பட்ட மோதல்களில்தான் பயணியின் அறிவு உயிர் காக்கிறது. இடுப்பு வாருடன் தோள் வாரையும் மாட்டியிருந்தாரா? சட்டை கசங்கும் என்று தோள் வாரை விட்டுவிடும் பெரிய மனிதர்கள் குறைவில்லை. கதவின் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியுமா? புகை சூழ்ந்து கண் தெரியாதபோதும் கை அதைத் தேடிப் போகுமா? மேல் விசிறி முழுவதும் நிற்கும்வரை இறங்கி ஓடக்கூடாது என்பது தெரியுமா? தீயணைப்புக் கருவி யாருடைய இருக்கைக்குக் கீழே இருக்கிறது?

அடுத்தது, விழுந்த பிறகு கண்டுபிடிக்கப்படுவது. ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் காணாமல்போன பிறகு நல்லமலைக் காட்டில் அது கிடந்த இடத்தை மறுநாள் காலையில்தான் கண்டறிய முடிந்தது. தவாங்கிலிருந்து இடாநகர் புறப்பட்ட தோர்ஜி காண்டுவின் ஹெலிகாப்டர் கிடைத்தது ஐந்தாம் நாள். அவ்விரு விபத்துகளிலும் யாரும் உயிருடன் இருக்கவில்லை. இருந்திருந்தால், அந்த ஒரு பகலும் இரவும், அந்த ஐந்து நாளும் அவர்களுக்கு எப்படிக் கழிந்திருக்கும்?

விமானங்களில் அபாயச் சமிக்ஞைக் கருவி ஒன்று இருக்கிறது. மோதலின் வேகத்தில் தானாகவே இயங்கி, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். இந்தியாவில் அந்தச் செய்தியைப் பெறும் மையம் பெங்களூரில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. பழைய கருவிகள் 121.5 அலைவரிசையில் மட்டுமே ஒலித்தன. அவற்றைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பது 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியுடன் நின்றுவிட்டது. மோதலில் இந்தக் கருவி இயங்காமல் போவதுண்டு. அதன் கம்பி அறுந்துபோவதும் உண்டு. அதைக் கையாலேயே இயக்குவதற்கு விமானி அறையில் ஒரு சிறிய விசை இருக்கிறது. விமானி இறந்து, பயணி பிழைத்திருந்தால் அந்த விசையைப் போட வேண்டியவர் பயணிதான். அது எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு அரை நிமிடம் போதும்.

அமைச்சரிடம் யார் சொல்வது?: விதிகளில் இதற்கு இடமில்லாமல் இல்லை. இருக்கை வார், அவசர வழி, உயிர்காப்பு அங்கி, ஆக்சிஜன் ஆகியவை எங்கே உள்ளன, அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பயணிகள் அறியச் செய்வது விமானியின் பொறுப்பு என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் கூறுகின்றன. தனியார் சிறு விமானங்களுக்கும் இது பொருந்தும். முக்கியப் பிரமுகர்களை ஏற்றிச் செல்லும் விமானங்களுக்கென டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 1981-லேயே தனிச் சுற்றறிக்கை வெளியிட்டது.

நடைமுறை வேறு. கூட்டம் முடிந்து, மாலைகளைக் கழற்றக்கூட நேரமின்றி, அடுத்த ஊருக்கு ஒரு மணி நேரம் தாமதமாக ஓடிவந்து ஏறுகிறார் தலைவர். கூடவே உதவியாளர், பாதுகாவலர், வட்டாரப் பிரமுகர் ஒருவர். கதவு மூடுவதற்குள் விசிறி சுழலத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் 'ஐயா, இந்த வாரை இப்படி மாட்டுங்கள்' என்று அவரிடம் பாடம் நடத்தும் துணிவு எத்தனை விமானிகளுக்கு இருக்கும்? மேகம் இறங்குகிறது, இன்று வேண்டாம் என்று சொல்வதற்கே தயங்கும் சூழல் இது. பத்தாயிரம் பேர் மைதானத்தில் காத்திருக்கிறார்கள் என்று பின் இருக்கையிலிருந்து வரும் ஒரு வார்த்தை, விமானியின் கணக்கை மாற்றிவிடும். சிறிய விமானங்களின் பல அவசரங்கள் வானத்தில் பிறப்பதில்லை; புறப்படும் முன் தரையில் நடக்கும் இந்த உரையாடலில்தான் பிறக்கின்றன. பயணிக்கான பயிற்சியில் முதலிடம் பெற வேண்டியது இதுவே. விமானத்தின் தலைவர் விமானிதான், இன்று பறக்க முடியாது என்று அவர் சொன்னால் காரில் போக வேண்டும் என்று கட்சிகள் தங்கள் தலைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், அது 7700 என்ற எண்ணைக் காட்டிலும் அதிக உயிர்களைக் காக்கும்.

இந்தப் பயிற்சிக்கு எதிராக ஒரு வாதம் வைக்கப்படுவதுண்டு. அரைகுறை அறிவு ஆபத்து. இரண்டு மணி நேரம் வகுப்பில் இருந்த பயணி, விமானியின் வேலையில் தலையிடத் தொடங்குவார் என்பது அது. அதிகாரம் மிக்க பயணிகள் நிறைந்த நாட்டில் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். எதுவும் தெரியாதவர்தான் விமானியை அதிகம் அவசரப்படுத்துகிறார். மேகத்துக்குள் 178 விநாடியில் என்ன ஆகும் என்று ஒரு முறை சிமுலேட்டர் கருவியில் அமர்ந்து பார்த்தவர், அடுத்த முறை பறந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாரா?

செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட விமானப் பயிற்சி நிறுவனங்கள் நாட்டில் இயங்குகின்றன. அவற்றில் பலவற்றில் சிமுலேட்டர்கள் இருக்கின்றன. தரையில் உள்ள சிமுலேட்டரில் அமர்ந்து கற்பதற்கு யாருக்கும் உரிமம் தேவையில்லை. சொந்த விமானம் வைத்திருப்போரின் குடும்பத்தினர், அடிக்கடி பறக்கும் தலைவர்களின் உதவியாளர்கள், பாதுகாவலர்கள், அவர்களுடன் செல்லும் செய்தியாளர்கள் ஆகியோருக்கு ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். குறிப்பாகப் பாதுகாவலர்கள். எல்லாப் பயணங்களிலும் தவறாமல் உடன் செல்பவர்கள் அவர்கள்தான், கட்டளைக்குப் பழகியவர்கள், கதவையும் வாரையும் தீயணைப்புக் கருவியையும் அபாய விசையையும் அவர்கள் அறிந்திருந்தால், தலைவர் அறியாவிட்டாலும் பாதகமில்லை. கேதார்நாத் ஹெலிகாப்டர் தளங்களில் பக்தர்கள் எடை பார்க்கப்பட்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பிலேயே, ஹெலிகாப்டரை எந்தப் பக்கம் நெருங்குவது, கதவை எப்படித் திறப்பது என்பதைத் தமிழ், குஜராத்தி, ஹிந்தி எனப் பல மொழிகளில் ஒரு சிறு படமாகக் காட்டிவிடலாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2012 ஏப்ரல் 2-ஆம் தேதி, இரட்டை என்ஜின் செஸ்னா விமானத்தை ஓட்டிவந்த கணவர் நடுவானில் சரிந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த மனைவிக்கு வயது 80. பல ஆண்டுகளுக்கு முன் அவர் சிறிது காலம் விமானப் பாடம் படித்திருந்தார். உள்ளூர் விமானி ஒருவர் வேறொரு விமானத்தில் கூடவே பறந்து வானொலியில் வழிகாட்டினார். எரிபொருள் தீர்ந்து ஓர் என்ஜின் நின்றுவிட்டது. ஸ்டர்ஜன் பே ஊரின் ஓடுபாதையில் முன்சக்கரம் முறிய அந்த மூதாட்டி விமானத்தை இறக்கினார். கணவர் பிழைக்கவில்லை. மனைவி, காயங்களுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார்.